தண்ணி குடிச்ச வண்டி

– நாலு லட்சம், சம்பந்தி! இந்த வாட்டர் ஸ்கூட்டருக்கு அந்த விடுதிக்காரர் தன் வாயால சொன்ன விலை. அதுக்குள்ள இருந்து இப்ப தவளை குதிச்சுப் போகுது, பாருங்க.

– போகட்டும் சம்பந்தியம்மா. அதுக்காவது நீந்தத் தெரிஞ்சிருக்கு. நீங்க அந்தச் செங்கல்லை எடுத்து சக்கரத்துக்குப் பின்னாடி வைங்க. தள்ளுவண்டி சறுக்குது.

– கடைக்குப் போற புடவையில வந்திருக்கேன் நான். செங்கல் தூக்கச் சொல்றீங்க.

– புடவை தானா காயும், இன்ஜின் காயாது. மூக்கை இன்னும் ஒரு சாண் தூக்கினா மிச்சத் தண்ணியும் பின்பக்கமா இறங்கிடும். ம்… பொறுமை… பொறுமை… ஆங், அவ்வளவுதான். வைங்க.

– வச்சாச்சு. யப்பா, என்னமா கொட்டுது! இருபது வருஷமா பாத்திரம் விக்கிற கண்ணு, தப்பாது. முப்பது குடம் இருக்கும்.

– அதான் எனக்கும் புரியல. இவ்வளவு ஏறியிருக்கக் கூடாதே.

– ஏன், எவ்வளவு ஏறியிருக்கணும்?

– இல்ல, பொதுவாச் சொன்னேன். காலையில வந்து பாக்கறேன், என் வாடகைப் படகெல்லாம் கட்டின இடத்துல இருக்கு. இந்த வாட்டர் ஸ்கூட்டர் மட்டும் இல்ல. உத்துப் பாத்தா கைப்பிடி மட்டும் தண்ணிக்கு மேல தெரியுது. முங்கறவன் கையைத் தூக்கின மாதிரி.

– உடனே எனக்குப் போன் போட்டு, "சம்பந்தியம்மா, போயிருச்சு"ன்னு ஒரே வார்த்தை. யாரு போனாங்க, எப்பப் போனாங்கன்னு கேக்கறதுக்குள்ள கட் பண்ணிட்டீங்க. நான் மூணு சொந்தக்காரங்களை மனசுக்குள்ள அனுப்பி வச்சுட்டுல்ல இங்க ஓடி வந்தேன்.

– பதட்டம்மா.

– நேத்து சாயந்தரம் நல்லா தானே மிதந்துச்சு? இன்னிக்கு நாலு மணிக்கு விடுதிக்காரர் வந்து ஓட்டிப் பாக்கணும்னு, என் கண் முன்னாடிதானே ஷெட்டுல இருந்து இறக்கிக் கட்டினீங்க?

– இப்படி வாங்க. வண்டிக்குப் பின்னாடி குனிஞ்சு பாருங்க. இடப்பக்கம் ஒரு ஓட்டை, வலப்பக்கம் ஒரு ஓட்டை. ஷெட்டுல நிக்கறப்ப உள்ள சேர்ந்த தண்ணியை வடிக்கறதுக்கு வச்சிருக்கான். தண்ணியில இறக்கறதுக்கு முன்னாடி ரெண்டுக்கும் மூடி போட்டுத் திருகணும். நேத்து என் கையாலதான் திருகினேன். இப்ப ரெண்டையும் காணோம்.

– ரெண்டையுமா?

– ரெண்டையும்தான்.

– அப்ப… யாராவது விளையாட்டுப் பசங்க வேலையா இருக்கும்.

– இருக்கும், இருக்கும். பசங்கதான்.

– போலீஸ்ல சொல்லணுமா என்ன?

– சேச்சே! ரெண்டு பிளாஸ்டிக் மூடிக்குப் போய் எதுக்கு? விட்டுடுவோம்.

– அதானே. விட்டுடுவோம். சாவியைப் போட்டு ஒரு தடவை கிளப்பித்தான் பாருங்களேன்.

– ஐயோ, கை வைக்காதீங்க! உள்ள தண்ணி நிக்கறப்ப இன்ஜினைச் சுத்தினா, தண்ணி அமுங்கிக் கொடுக்காது, இரும்புதான் வளைஞ்சு கொடுக்கும். அப்புறம் உங்க கடையில கொண்டு வந்து எடைக்குத்தான் போடணும். முதல்ல நனைஞ்ச பேட்டரியைக் கழட்டணும். அப்புறம் இந்த மூணு ஸ்பார்க் ப்ளக்கையும் எடுத்துட்டு, வாடகைப் படகு பேட்டரியை மாட்டிச் சுத்தினா, குடிச்ச தண்ணியை எல்லாம் துப்பிடும். எல்லாம் இன்னிக்கே முடியணும். ஒரு ராத்திரி உள்ள ஈரம் நின்னா துரு கட்டிடும், அப்புறம் வண்டி வண்டியா இருக்காது.

– பிழைக்குமா?

– டாக்டர் மாதிரிதான் சொல்லணும். நம்ம கையில என்ன இருக்கு, பாப்போம். அந்தப் பதினாறாம் நம்பர் ஸ்பானரை எடுங்க. அது இல்ல. அதுக்குப் பக்கத்துல. ம்.

– இதை வாங்கப் போன அன்னிக்கும் இப்படித்தான் கையைக் காட்டிக்கிட்டே நின்னீங்க.

– அதை ஏன் கேக்கறீங்க! கல்யாணத்துக்கு நகை எடுக்கக்கூட அரை நாள்தான் ஆச்சு. இதுக்கு ரெண்டு நாள் அந்த ஷோரூம்ல உக்காந்தோம்.

– நான் உக்காந்தேன். நீங்க நின்னீங்க.

– நிக்கச் சொன்னது யாரு? "நம்ம ரெண்டு பேரும் ஒரு கட்சின்னு தெரியக்கூடாது சம்பந்தி. நான் வேணும்னு சொல்றேன், நீங்க வேணாம்னு சொல்லுங்க"ன்னு வாசல்லயே பாடம் நடத்தினீங்க.

– ஒழுங்கா சொன்னீங்களா? வாய் "வேணாம், வேணாம்"னுது. கை சீட்டைத் தடவிக்கிட்டே இருக்கு. பொண்ணு பாக்கப் போன இடத்துல மாப்பிள்ளை பல்லை இளிச்ச கதையா. அந்தத் தடவலுக்கே பத்தாயிரம் போச்சு.

– போனாலும் எழுபது குறைச்சீங்களே, அந்த மேனேஜர் அழாத குறையா.

– மத்தியானம் ஆச்சு, மனுஷன் சாப்பிடப் போறேன்னு எந்திரிச்சார். விட்டா திரும்பி வர்றப்ப தெம்பா வருவார்ல? என் டிபன் டப்பாவை அவர் மேஜை மேலயே திறந்தேன். "நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க, நாங்க சாயந்தரம் வரைக்கும் இங்கதான்"னேன். எழுபதோட சரணடைஞ்சார். லைஃப் ஜாக்கெட் ரெண்டு சும்மா.

– பொண்ணு வீட்டுப் பங்கு பாதி, மாப்பிள்ளை வீட்டுப் பங்கு பாதி. கல்யாண மண்டப வாசல்ல ரிப்பன் கட்டி நிறுத்தினோம்.

– எல்லாரும் கார் நிக்கும்னு பாத்தா, தண்ணியில ஓடறது நிக்குது. என் அண்ணன் சுத்திச் சுத்தி வந்து சக்கரத்தைத் தேடினான்.

– வேற எதைக் கொடுக்கறது அதுங்களுக்கு? ஜோடி சேர்ந்ததே வாட்டர் ஸ்கூட்டர்லதானே. கவிழ்ந்தா எந்தப் பக்கமாத் திருப்பணும்னு பின்னாடி அம்புக்குறி போட்டிருக்கும். என் பையன் பால் குடி மறந்ததுல இருந்து பாத்த அம்புக்குறி. உங்க பொண்ணு நம்ம துறையில ஒண்ணை வாடகைக்கு எடுத்து, நட்ட நடு ஏரியில கவுத்துட்டு, முடியெல்லாம் முகத்துல ஒட்டிக்கிட்டு மிதக்கறா. காப்பாத்தப் போனவன் நேர் எதிர்ப்பக்கமாத் திருப்பினான். இன்ஜின் முழுக்கத் தண்ணி. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு, பையன் கையை விட்டுப் போயிட்டான்னு.

– அந்த ரிப்பேருக்கு என்கிட்ட பில்லு நீட்டினீங்களே, மறந்துட்டீங்களா?

– நீங்க பாதிதானே கொடுத்தீங்க? "திருப்பினது உங்க பையன், மீதியை அவன் சம்பளத்துல பிடிங்க"ன்னு.

– நியாயம் நியாயம்தானே, சம்பந்தி.

– அஞ்சு வருஷம். வர்ற திங்கக்கிழமை கோர்ட்டுல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா, முடிஞ்சது.

– சண்டை போட்டுப் பிரிஞ்சாலாவது நாலு பேர் பேசிச் சேத்து வைக்கலாம். "நாங்களே பேசி முடிவெடுத்துட்டோம்மா"ங்கறா. கட்டில் உனக்கு, பிரிட்ஜ் எனக்கு, மிக்ஸி உனக்குன்னு ஒரே பேப்பர்ல எழுதி முடிச்சிருக்காங்க. ஒரு இழுபறி இல்ல. பேரமே பேசாம ஒருத்தர் பொருளை வாங்கிட்டுப் போனா எனக்கு மனசு ஆறாது. வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன பண்ணப் போறாங்களோன்னு இருக்கும்.

– இது ஒண்ணுதான் மிச்சம். "ஸ்கூட்டரை வித்துப் பாதிப் பாதி போட்டுடுங்கப்பா"ன்னு பையன்கிட்ட இருந்து ஒரு வரி.

– அவங்க இதை எத்தனை தடவை ஓட்டியிருப்பாங்க?

– ஊர் மாறிப் போறதுக்கு முன்னாடி ஏழு தடவை.

– எண்ணி வச்சிருக்கீங்களா!

– நம்ம ஓட்டினதையும் எண்ணத்தான் செஞ்சேன். அது நூறைத் தாண்டினதும் விட்டுட்டேன். சரி, ப்ளக் இருந்த ஓட்டை மேல துணியைப் போட்டுட்டேன். பேட்டரி மாட்டியாச்சு. திரும்பிக்குங்க, தெறிக்கும்.

– துணிதான் போட்டிருக்கீங்களே, எப்படித் தெறி… அம்மாடி!

– திரும்பிக்குங்கன்னு சொன்னேன்ல?

– தலையில இருந்து கால் வரைக்கும்! சிரிக்காதீங்க சம்பந்தி!

– சிரிக்கல, சிரிக்கல. முதல் தடவை உங்களைப் பின்னாடி உக்கார வச்சு ஒரு சுத்து சுத்தினேனே, அன்னிக்கும் இதே கோலம்தான்.

– அன்னிக்கு ஒரு செருப்பு வேற போச்சு.

– நடு ஏரியில, "நிறுத்துங்க, நிறுத்துங்க, கடைச் சாவி என் இடுப்புல இருக்கு"ன்னு என்ன கத்து! கரைக்கு வந்து இறக்கி விட்டேன். மூச்சு வாங்கி முடிக்கல, "இன்னொரு சுத்து போலாமா"ன்னீங்க.

– செருப்பைத் தேடலாம்னு சொன்னேன்.

– தேடினீங்களா?

– எங்க தேடவிட்டீங்க, அந்த வேகத்துல! என் வீட்டுக்காரர் போனதுக்கு அப்புறம் ஒன்பது வருஷம் நான் கடையில இருந்து வீடு, வீட்டுல இருந்து கடை. அன்னிக்குத்தான் என் வாயிலயும் இப்படி ஒரு சத்தம் வரும்னு எனக்கே தெரிஞ்சது. இன்னொரு தடவை சுத்துங்க, உள்ள இன்னும் களக்களக்ங்குது.

– துணியைப் பிடிங்க… ம்… இப்ப பாருங்க, வெறும் காத்துதான் வருது. இனி ஒவ்வொரு ப்ளக் ஓட்டையிலயும் கொஞ்சம் எண்ணெய் விடணும். கீழ இருக்கற எண்ணெயை மாத்தியே ஆகணும். பாத்தீங்களா, பால் கலந்த மாதிரி வெளுத்துப் போயிருக்கு.

– உங்க வீட்டம்மா இருந்திருந்தா, இந்த எண்ணெய்க் கையோட வாசப்படி மிதிக்க விட்டிருக்க மாட்டாங்க.

– அவ இருந்திருந்தா உங்களுக்கும் அவளுக்கும் நல்லா ஒத்துப் போயிருக்கும். ரெண்டு பேரும் சேர்ந்து என்னை வித்திருப்பீங்க.

– விலை போகணுமே.

– சம்பந்தியம்மா, ஒண்ணு சொல்லணும். உங்க அண்ணனைப் போன வாரம் கடைத்தெருவுல பாத்தேன். "வாங்க, சம்…"னு ஆரம்பிச்சார். பாதியில முழுங்கிட்டு, "வாங்க சார்"னார். சார்! அஞ்சு வருஷம் என் தோள்ல கை போட்டுப் பேசின மனுஷன்.

– என்கிட்டயும் சொன்னார். "இனிமே ஞாயித்துக்கிழமையானா பிளாஸ்க்கைத் தூக்கிட்டு அந்தப் படகுத்துறைக்குப் போறதுக்கு என்னம்மா வேலை?"ன்னு. "வண்டிக்கு வாரம் ஒருக்கா உயிர் கொடுக்கணும்ணே, இல்லேன்னா பேட்டரி செத்துடும்"னேன். "அதான் விக்கப் போறீங்களே"ன்னார்.

– நீங்க என்ன சொன்னீங்க?

– கடையில ஆள் வந்துட்டாங்கன்னு போனை வச்சேன். ஆள் யாரும் வரல.

– திங்கக்கிழமைக்கு அப்புறம் உங்களை என்னன்னு கூப்பிடறது?

– பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க.

– நேத்து ராத்திரி படுத்துக்கிட்டு அதைத்தான் சொல்லிப் பாத்தேன். வரமாட்டேங்குது. யாரோ மூணாவது மனுஷியைக் கூப்பிடற மாதிரி இருக்கு.

– இருங்க, போன் அடிக்குது. விடுதிக்காரர்.

– வண்டியைப் பத்தி ஒண்ணும் சொல்லிடாதீங்க!

– வணக்கங்க… ஆமாங்க, நாலு மணிக்குத்தான். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், அப்புறம் மறைச்சேன்னு ஆகிடக் கூடாது. வண்டி ராத்திரி முழுகிடுச்சு… ஆமா, முழுசாத்தான்… இன்ஜினுக்குள்ளயும் போயிருச்சு… கிளம்புமான்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்றது… சரி, இப்ப என்ன விலை தர்றீங்க?… ரெண்டா? மனசாட்சி இல்லையா உங்களுக்கு?… ரெண்டரை. சரி. அதை அப்படியே எழுதி எனக்கு அனுப்பிடுங்க, பசங்ககிட்ட காட்டணும்… சந்தோஷங்க.

– என்னம்மா பண்ணிட்டீங்க! இங்க ஒருத்தன் உயிரைக் கொடுத்துத் துடைச்சிக்கிட்டு இருக்கேன்…

– பொய் சொன்னேனா?

– இல்லதான். ஆனா ஓட்டைச் சொம்பைக்கூட "காத்தோட்டமான சொம்பு"ன்னு விக்கற ஆளாச்சே நீங்க. உங்களுக்கு இன்னிக்குன்னு பார்த்தா உண்மை வரணும்?

– அவர் எழுதினது வந்துருச்சு. பசங்களுக்கும் தள்ளி விட்டுட்டேன். பாருங்க, அதுக்குள்ள பதில். என் பொண்ணு, "சரிம்மா, கொடுத்துடுங்க." உங்க பையன் ஒரு கட்டைவிரல்.

– ஒன்றரை லட்சம் போயிருக்கு. ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை இல்ல.

– பேரம் பேசாதவங்களுக்கு அப்படித்தான் கிடைக்கும். நீங்க வேலையைப் பாருங்க.

– வேலை முடிஞ்சுது. ப்ளக் மாட்டியாச்சு. இன்ஜின் சூடேறாம இருக்க, தண்ணிக் குழாயைக் கையில வச்சுக்குங்க. முதல்ல இன்ஜின், அப்புறம்தான் தண்ணி. நிறுத்தறப்ப…

– முதல்ல தண்ணி, அப்புறம் இன்ஜின். மாத்தினா மறுபடியும் குடிச்சிடும். எத்தனை ஞாயிறு பிடிச்சிருக்கேன் இந்தக் குழாயை, எனக்கே சொல்லித் தர்றீங்களா?

– சரி. போடறேன்… ம்ஹூம்.

– இன்னொரு தடவை.

– பொறுமை… இல்ல. பிடிக்கல.

– சம்பந்தி, போயிருச்சா?

– பேசாம இருங்க. இருமுது. இருமறது நல்லது. செத்தவன் இரும மாட்டான்… வா… வாடா கண்ணு…

– வருது! வருது சம்பந்தி!

– திறங்க! குழாயைத் திறங்க!

– திறந்துட்டேன்! என்ன இது, இப்படிப் புகையுது!

– உள்ள விட்ட எண்ணெய் எரியுது, எரியட்டும்! கேக்குதா? அந்தப் பழைய சத்தம் கேக்குதா?

– கேக்குது. கண்ணைத் துடைங்க சம்பந்தி.

– புகைம்மா.

– புகை என் பக்கம்தானே அடிக்குது.

– குழாயை மூடுங்க… ம். நிறுத்திட்டேன். இப்ப அந்த ஆளைக் கூப்பிடுங்க. வண்டி கிளம்பிருச்சு, பழைய நாலையே கொடுன்னு கேளுங்க.

– கேக்க மாட்டேன்.

– ஏன்?

– கையை நீட்டுங்க. இந்தாங்க.

– என்ன இது… மூடி! இது எப்படி உங்க கைப்பையில…

– இடப்பக்கத்து மூடி. நேத்து நீங்க கயிறு கட்டிட்டு, ஷெட்டைப் பூட்ட உள்ள போனீங்கல்ல? படியில உக்காந்து, தண்ணிக்குள்ள கையை விட்டுத் திருகினேன். நாலு லட்சம்னா எனக்குக் கட்டாது, சம்பந்தி. சேமிப்பை எல்லாம் வழிச்சாலும் கட்டாது. என் கடையில நசுங்கின அண்டா புது அண்டா விலைக்கா போகுது? கொஞ்சம் நனைஞ்சா விலை இறங்கும்னு பாத்தேன். இறங்கிடுச்சு. இனி விடுதிக்காரர் வேண்டாம், அதே ரெண்டரைக்கு நான் வாங்கிக்கறேன். பசங்களுக்குப் போக வேண்டிய காசு போய்ச் சேர்ந்துடும்.

– அடேங்கப்பா!

– திட்டணும்னா திட்டுங்க. ஆனா நான் எடுத்தது ஒண்ணே ஒண்ணு. ஒண்ணு எடுத்தா கால் வைக்கற இடம் நனையும், அதுக்கு மேல ஏறாதுன்னு நினைச்சேன். காலையில நீங்க ரெண்டையும் காணோம்னதும்தான் விளையாட்டுப் பசங்க மேல பழியைப் போட்டேன். அந்த வலப்பக்கத்து மூடியை எந்தப் பாவி எடுத்தான்?

– இந்த ஸ்பானரை எல்லாம் டப்பாவுல எடுத்து வைக்கணும்.

– உங்களைத்தான் கேக்கறேன்.

– கை எண்ணெயா இருக்கு. அதோ ஆணியில தொங்குதுல்ல என் சட்டை, அதோட பையில பாருங்க.

– சம்பந்தி!

– விலையை இறக்கணும்னெல்லாம் எனக்குத் தோணல. அந்த அறிவு ஏது எனக்கு? வண்டி கெட்டுப் போனா இன்னிக்கு விக்க முடியாது. ரிப்பேர், சாமான் வரணும்னு ஆறு மாசம் இழுக்கலாம். நீங்களும் ஞாயித்துக்கிழமை வந்து "என்னாச்சு"ன்னு கேட்டுட்டுப் போவீங்க. அது நடக்காம ரெண்டரைக்கே விலை பேசி முடிச்சதும்தான், போறதுதான் போகுது, நாலுக்காவது போகட்டும்னு கேக்கச் சொன்னேன். நீங்க வீட்டுக்குப் போன கையோட எடுத்தேன். ஒரு மூடின்னா விடியறதுக்குள்ள எட்டுக் குடம்தான் ஏறும்னு கணக்குப் போட்டேன். அந்தப் பக்கமும் ஒருத்தர் வேலை பாத்திருப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்!

– ரெண்டு பேரும் சேர்ந்து கொன்னிருப்போமே அதை!

– ஷோரூம்ல சொன்ன மாதிரி, ஒரே கட்சின்னு காட்டிக்காம செஞ்சிருக்கோம். நம்மளே நம்மகிட்ட காட்டிக்கல.

– சிரிச்சது போதும். மூடி ரெண்டையும் திருகுங்க. வண்டி இப்ப என்னுது.

– உங்களுது எப்படி? வாங்கினப்ப பாதிப் பாதி. இப்பவும் பாதி என் பங்கு.

– பாதின்னா ஒண்ணேகால். வச்சிருக்கீங்களா?

– எண்பதாயிரம் இருக்கு.

– மீதி நாப்பத்தஞ்சாயிரம்?

– நீங்க போட்டுக்குங்க. கடனா எழுதுங்க.

– வட்டி?

– சம்பந்திகிட்ட யாராவது வட்டி கேப்பாங்களா?

– திங்கக்கிழமையோட சம்பந்தி கணக்கு முடியுது. செவ்வாய்க்கிழமையில இருந்து நீங்க என் கூட்டாளி. அண்ணன் கேட்டாலும் அதான் பதில். கூட்டாளின்னா வட்டி உண்டு. சரி, முகத்தைச் சுளிக்காதீங்க, வட்டி வேணாம். வாரம் ஆயிரம். ஞாயித்துக்கிழமை நானே வந்து வாங்கிக்கறேன்.

– ஆயிரமா? அப்ப ஒரு வருஷத்துக்குள்ள தீர்ந்துடுமே!

– சீக்கிரம் தீரட்டும்னுதானே எல்லாரும் கேப்பாங்க?

– எல்லாரும் கேக்கட்டும். நீங்க இறங்குங்க.

– ஐநூறு.

– தொண்ணூறு வாரம். ரெண்டு வருஷம்கூட வரல. இன்னும் இறங்குங்க.

– கடனும் கொடுத்து, நானே இறங்கியும் வரணுமா? இருநூறு. இதுக்குக் கீழ கிடையாது.

– நூறு.

– நூறுன்னா எட்டரை வருஷத்துக்கு மேல ஆகும், தெரியுமா? எனக்கு இப்பவே அறுபத்தொண்ணு.

– எனக்கு அறுபத்தஞ்சு. எழுதிக்குங்க, கூட்டாளி: இன்னிய தேதிக்கு வரவு ஒண்ணுமில்ல, பாக்கி நானூத்தம்பது ஞாயித்துக்கிழமை.